பண்டாரவளைப் பக்கத்து எலுமிச்சைப்புல் தைலம்: மூன்று மாதம் பாவித்த பின்

ஹட்டனிலிருந்து பதுளை ரயிலில் பண்டாரவளையில் இறங்கி, பஸ்ஸில் இன்னும் அரைமணி நேரம் போனால், தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில் இருக்கிறது. அங்கு விறகடுப்பில் செப்புப் பானை வைத்து எலுமிச்சைப்புல் தைலம் வடித்து விற்கிறார்கள். நான் வாங்கிய 10 மில்லிலீற்றர் போத்தலின் விலை 950 ரூபாய். கடைகளில் இதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது என்பதால், இந்த விலைக்குத் தகுந்த பொருளா என்று பார்க்கும் எண்ணத்துடனேயே மூன்று மாதமாகப் பாவித்து வந்தேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் 'சேர' எனப்படும் இந்தப் புல்லை, ரம்பை இலையோடு சேர்த்துக் கறிக்குப் போடும் எங்கள் சமையலறைகளிலும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புல்லிலிருந்து வருவது சிட்ரொனெல்லா எண்ணெய். அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கங்களில் 'பெங்கிரி' என்ற பெயரில் பயிரிடப்பட்ட அந்தப் புல்லின் எண்ணெய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளுள் ஒன்றாக இருந்தது. தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக வளர்க்கும் மானாப்புல்லும் இவற்றுக்கு உறவுதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த மணம் புதிதாக இராது. கடைகளில் இரண்டு எண்ணெய்களையும் ஒன்றாகவே எண்ணி விற்கிறார்கள் என்றாலும் மூக்குக்கு வித்தியாசம் தெரியும். எலுமிச்சைப்புல் தைலத்தில் தேசிக்காய்த் தோலின் கூர்மை முன்னால் நிற்கும். சிட்ரொனெல்லாவில் அதைவிடக் கனத்த, சற்றே ரோசாப்பூ கலந்த வாசம் வரும். நான் வாங்கியது சந்தேகமின்றி முதலாவது வகை.

வடிக்கும் முறையை நேரில் பார்க்க அனுமதித்தார்கள். முதல் நாள் வெட்டி நிழலில் வாட வைத்த புல்லைத் துளையிட்ட தட்டின்மேல் மிதித்து நிரப்பி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே தண்ணீரைக் கொதிக்க விடுகிறார்கள். புல்லின் ஊடாக ஏறும் நீராவி எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வளைகுழாய்க்குள் போகிறது. ஓடையிலிருந்து திருப்பிய தண்ணீர் நிற்கும் தொட்டிக்குள் அக்குழாய் சுற்றிச் சுற்றி இறங்குவதால், ஆவி குளிர்ந்து ஒரு கண்ணாடிச் சாடியில் சொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் சாடிக்குள் இரண்டு அடுக்குத் தெரிந்தது. கீழே கலங்கிய வாசனை நீர், மேலே ஒரு விரற்கடையளவுகூட இல்லாத வெளிர்மஞ்சள் எண்ணெய். இரண்டரை மணி நேரம் எரித்தும் 200 கிலோ புல்லுக்கு முக்கால் லீற்றர்தான் தேறும் என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர். அந்தக் கணக்கின்படி என் கையிலிருந்த சிறு போத்தலுக்குள் இரண்டரைக் கிலோவுக்கும் அதிகமான புல் அடங்கியிருக்கிறது. விலை அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டு போன நான் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

"மழை நாள்ல வெட்டுன புல்லுல எண்ண கம்மி டீச்சர், கச்சான் காத்து அடிக்கையில வெட்டுனதுதான் மணக்கும்" என்றும் அவர் சொன்னார். ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரையான இந்த வறண்ட கச்சான் காற்று தனிச் சுவை தருவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வடித்து முடிந்த சக்கையை உலர்த்தி மறுபடியும் அடுப்புக்கே விறகாகப் போடுகிறார்கள்.

தைலத்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தபோது, தேங்காயெண்ணெய் போன்ற எதையும் கலந்திருந்தால் நிற்கக்கூடிய எண்ணெய்க் கறை அதில் இல்லை. செயற்கை வாசனை கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இது அதிகம் உதவியது ஈரவாடைக்கு எதிராகத்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டனில் அலுமாரிக்குள் மடித்து வைத்த கம்பளிக்கும் பூஞ்சண வாடை ஏறிவிடும். ஒரு பஞ்சுருண்டையில் மூன்று சொட்டு விட்டு, சிறு தகர மூடியில் வைத்து அலுமாரியின் மூலையில் ஒதுக்கியதில் பத்து நாளுக்கு அந்த வாடை தலைகாட்டவில்லை. ஆனால் பூஞ்சணத்தை இது அகற்றிவிடாது. வெயில் கண்ட நாளில் துணியை வெளியே போடும் வேலை அப்படியேதான் இருக்கிறது. தகர மூடி என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் பிளாஸ்ரிக் தட்டில் வைத்தேன், சொட்டு விழுந்த இடம் பிசுபிசுத்து மங்கிப்போனது.

தரை துடைக்கும் வாளியில் நேரடியாக விடுவதில் பயனில்லை. தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே கண்கண்ணாக மிதக்கும், துடைக்கும்போது ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டுச் சொட்டை முதலில் ஒரு கரண்டி சவர்க்காரத் திரவத்தில் கலக்கி, பிறகு வாளியில் ஊற்றினால் வீடு முழுக்க ஒரே சீராக மணக்கிறது. சமையலறையில் கருவாடு பொரித்த நாளன்று இதன் அருமை தெரியும்.

நுளம்பு விடயத்தில் அளந்துதான் பேச வேண்டும். ஹட்டன் குளிரில் எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு என்பதால் மாத்தளையிலுள்ள தங்கை வீட்டில் பாவித்துப் பார்த்தோம். தேங்காயெண்ணெயில் கலந்து காலில் பூசிய முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது, அதன்பின் மணத்தோடு காவலும் போய்விட்டது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இதை நம்பிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீரை அப்படியே விட்டு வைக்க முடியாது.

தோலில் பூசுவதானால் 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 10 சொட்டுக்கு மேல் வேண்டாம். இந்தத் தைலத்தில் முக்கால் பங்கு சிட்ரல் என்ற சேர்மம். மணத்துக்குக் காரணமான அதுவே சிலருக்கு ஒவ்வாமையையும் தரும். என் மணிக்கட்டில் கலக்காமல் ஒரு சொட்டுத் தடவிப் பார்த்த அவசரத்துக்கு இரண்டு நாள் சிவந்த தடிப்பே மிஞ்சியது. தடிமனுக்கு ஆவி பிடிக்கவும் இது எனக்கு ஒத்துவரவில்லை. கண் எரிந்தது, மூக்கடைப்புக்கு யூக்கலிப்டஸ் தைலமே மேல்.

என் முறைப்பாடு போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பற்றியது. தலைவலி, மூட்டுவலி, கொலஸ்ட்ரோல், மன அழுத்தம் என்று ஒரு வைத்தியசாலைக்குப் போதுமான பட்டியல் அதில் இருக்கிறது. தேநீரில் ஒரு சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை செறிவான எண்ணெயை அப்படிக் குடிக்கவே கூடாது. பிளேன்டீக்கு 'சேர' வேண்டுமென்றால் கொல்லையில் நிற்கும் புல்லில் ஒரு தண்டை இஞ்சியோடு தட்டிப் போட்டால் போதுமே. இத்தனையும் அச்சிட்டவர்கள் வடித்த திகதியை மட்டும் போடவில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரல் கெட்டு, தைலத்தின் மணம் மாறி, தோலை உறுத்தும் தன்மையும் கூடும் என்பதால் வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தத் திகதிதான். போத்தல் கடும் கபில நிறக் கண்ணாடி என்பது நல்ல விடயம். ஆனால் அதனுடன் வந்த சொட்டுக்குழாயின் இறப்பர்த் தலை மூன்றே வாரத்தில் ஊதி இளகிவிட்டது. தைலம் இறப்பரைத் தின்னும் என்பதை வடிப்பவர்களே அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சென்ற மாதம் இரண்டாவது போத்தலையும் அங்கேயே வாங்கினேன். இம்முறை திருகு மூடி போட்ட போத்தலாகக் கேட்டு வாங்கி, வடித்த திகதியை எழுதித் தரும்படி பெரியவரிடம் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதல் தடவை ஊற்றியபோது விளிம்பில் வழிந்த ஒரு சொட்டு அந்த மையைக் கரைத்துவிட்டது. இப்போது மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை.