மலையில் பேவர் போடும் முன்: எந்த அடித்தளம், எந்த ஆள்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்கு வந்து சேரும்போது கையிருப்பு கரைந்திருக்கும். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் ஏறும் பாதைக்கு "பேவர் (தரையில் அடுக்கும் கான்கிரீட் கல்) போட்டுடலாம்" என்று முடிவானதும் பேச்சு கலருக்குத் தாவிவிடும். சிவப்பா சாம்பலா, ஜிக்ஜாக்கா ஐ-ஷேப்பா என்று ஒரு வாரம் ஓடும். அடியில் என்ன போடப்போகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. இங்கே பேவர் பாதைகள் கெடுவது பெரும்பாலும் கல்லால் அல்ல, கல்லுக்கு அடியில் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் நின்ற தண்ணீரால்தான்.

எங்கள் தெருவில் ஒரு பாதை இரண்டு மழைக்குள் டயர் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. பிரித்துப் பார்க்க வந்த மேஸ்திரி கடப்பாரை நுனியால் ஒரு கல்லை நெம்பி எடுத்தார். முனைகூட உடையாத நல்ல கல். அடியில் மணல் படுக்கை இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் சேறு, அதில் கல்லின் வடிவம் அச்சு போலப் பதிந்திருந்தது. மண்ணின் மேல் கிரஷர் பொடியை, அதாவது ஜல்லி உடைக்கும்போது வரும் தூளைக் கொட்டிக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடித்தளத்துக்கு இங்கே கொட்டேஷனில் வருவது மூன்று வழிகள். முதலாவது அதுவே: மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே இரண்டு மூன்று இஞ்ச் பொடி. செலவு மிகக் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். நம் செம்மண் பிப்ரவரியில் பாறை மாதிரி இருப்பதால், போட்ட அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் அதே மண் ஊறிக் குழைந்துவிடும். மேலே ஆளோடு சேர்த்து ஒரு டன் வரும் கார் ஏறி இறங்கினால் சேறு மேலே வரும், பொடி கீழே போகும். நடைபாதைக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் இது போதும். கார் ஏறும் இடத்துக்கு வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, ஜல்லி அடித்தளம். புல்லும் கறுப்பு மேல்மண்ணும் போகும்வரை வெட்டி, கெட்டி மண்ணைத் தொட்டு, அதன்மேல் பெரிதும் சிறிதும் பொடியுமாகக் கலந்த வெட் மிக்ஸ் ஜல்லியை ஆறு இஞ்ச் கனத்துக்கு இறுக்குவது. களிமண் கலந்த இடமானால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்துவிட்டால் சேறு மேலேறாது. இதன் பலமே, உள்ளே இறங்கும் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காமல் வழிந்து போவது. ஒருவேளை ஓர் இடம் தாழ்ந்தாலும் அந்த நாலு கல்லை மட்டும் எடுத்து, நிரவி, திரும்பப் போட்டுவிடலாம். செலவில் இடிப்பது ஜல்லி அல்ல, ஜல்லி மலை ஏறி வரும் லாரி வாடகை. 400 சதுர அடிக்கு இறுக்கிய பிறகு ஆறு இஞ்ச் நிற்க வேண்டுமானால் 200 கன அடி, அதாவது 2 யூனிட் கணக்கு. ஆனால் தளர்வாக வந்து இறங்கும் ஜல்லி இறுகும்போது குறைந்துவிடும், அதனால் இரண்டரை யூனிட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். கொட்டேஷனில் 2 யூனிட் என்று எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஐந்து இஞ்ச் கூட இருக்காது.

மூன்றாவது, நாலு இஞ்ச் கான்கிரீட் படுக்கை போட்டு அதன்மேல் பேவர். கேட்கத் தெம்பாக இருக்கும், வீட்டுக்காரர்கள் விரும்புவதும் இதைத்தான். வெட்டி எடுத்த கெட்டித் தரையில் இது நன்றாகவே நிற்கும். ஆனால் நம் மனைகளில் பாதி மேட்டை வெட்டியது, பாதி அந்த மண்ணையே கொட்டி நிரப்பியது. நிரப்பிய பக்கம் இறங்கினால் கான்கிரீட் வெடிக்கும், அப்போது நாலு கல்லை எடுத்துச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள மூட்டு வழியாக இறங்கும் தண்ணீர் கான்கிரீட்டைத் தாண்டிப் போக முடியாமல் மணல் படுக்கையோடு சரிவில் ஓடும். கீழ் முனையில் வெளியேறக் குழாய் வைக்காவிட்டால் படுக்கை மணல் அரித்துக்கொண்டு போய்விடும். ஆறு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறுகிற செங்குத்தான பாதையென்றால் பேவரை விட்டுவிட்டு, குறுக்கே கோடு இழுத்த வெறும் கான்கிரீட்டே போடுங்கள். மழைநாளில் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும்.

சாதாரணச் சரிவுக்கு என் ஓட்டு ஜல்லிக்குத்தான். நிரப்பிய மண் எதுவென்று தெரியாவிட்டால், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். அரை அடிக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடத்தைத் தோண்டி, ஆறு ஆறு இஞ்ச்சாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கித்தான் மேலே வர வேண்டும்.

எந்த வழியானாலும் விட்டுவிடக் கூடாதது கீழ் முனையில் குறுக்கே ஒரு கான்கிரீட் பெல்ட், அதில் தண்ணீர் வடியும் துளைகள். பெல்ட் இல்லாவிட்டால் சரிவில் கார் பிரேக் போடும்போதெல்லாம் கல் கீழ்நோக்கி நகரும், மேலே மூட்டு வாய் பிளக்கும். கல்லைக் கீழிருந்து மேலாகத்தான் அடுக்க வேண்டும். குறுக்கு வாட்டம், அதாவது அகலவாக்கில் விடும் சரிவு, 50 அடிக்கு ஓர் அடி; பத்தடி அகலத்துக்குச் சுமார் இரண்டரை இஞ்ச். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது இன்னும் முக்கியம். இங்கே என் வாசல் மட்டத்தில்தான் கீழ்வீட்டுக் கூரை. 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீரை இறக்கிவிட்டுப் பாதை அழகாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாட்டம் சுவரை விட்டு விலகி, கட்டிய வாய்க்கால் வழியே தெருச் சாக்கடையைச் சேர வேண்டும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம். 2006-இல் வந்த ஐஎஸ் 15658 என்ற இந்தியத் தரநிலை இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்-35 என்ற கான்கிரீட் வலிமைத் தரமும் சொன்னது. காருக்கு அது போதும். தண்ணீர் லாரி உள்ளே வருமானால் 80 மி.மீ. கனம் வேண்டும். ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்பான கல் கோயம்புத்தூரில் அழகாக இருக்கும். இங்கே நிழலில் பாசி பிடித்து வழுக்கும். மெஷினில் அழுத்திய சொரசொரப்பான கல்லே நமக்கு நல்லது.

ஆள் விஷயத்துக்கு வருவோம். சமவெளியிலிருந்து கல்லோடு சேர்ந்து வரும் கம்பெனி ஆட்கள் அடுக்குவதில் கைதேர்ந்தவர்கள், மூட்டு நூல் பிடித்தாற்போல இருக்கும். சதுர அடிக்குக் கூலி என்பதால் நேரமாகும் தரை வேலையில் அவர்களுக்கு ஆர்வம் குறைவு. குழியைப் பொடியால் நிரப்பி மட்டம் காட்டிவிடுவார்கள். மழையில் ஏதாவது ஆனால் மலை ஏறி வருவதும் சிரமம். உள்ளூர் மேஸ்திரிக்கு மண் தெரியும், ஊற்று எங்கே கிளம்பும் என்று தெரியும், நாளைக்கும் கடைவீதியில் பார்க்கலாம். ஆனால் பலரிடம் தரையை அதிர்த்து இறுக்கும் பிளேட் கம்பாக்டர் இயந்திரம் இருக்காது. வாடகைக்கு எடுக்கச் சொல்லி, அதைக் கொட்டேஷனிலேயே எழுத வைக்க வேண்டும். வீடு கட்டிய காண்ட்ராக்டரிடமே மொத்தமாக விடுவது மூன்றாவது வழி. தலைவலி குறையும், ஆனால் அவர் உள்குத்தகைக்கு விட்டால் மேலே சொன்ன இரண்டு பேரில் ஒருவர்தான் வருவார், நடுவில் ஒரு லாபம் கூடும்.

நான் பிரித்துக் கொடுக்கச் சொல்வேன்: தரை, பெல்ட், வாய்க்கால் உள்ளூர் மேஸ்திரிக்கு, கல் அடுக்குவது கம்பெனி ஆட்களுக்கு. யார் வந்தாலும் முதல் நாள் பேச்சிலேயே ஆளைக் கணிக்கலாம். "சார், எந்த டிசைன் வேணும்?" என்று தொடங்குபவரை விட, பாதையைச் சுற்றி நடந்து பார்த்து, "அண்ணா, மேல் தோட்டத்துத் தண்ணி மழையில எப்படி இறங்குது?" என்று கேட்பவர் எனக்கு வேண்டியவர். "ஜேசிபி வெச்சு ஒரு மணி நேரத்துல வெட்டிடலாம்" என்பவரை அனுப்பிவிடுங்கள். நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது மனைக்காரர்.

போன மாத வேலையின் போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டு பருவமழை கண்ட ஒரு பாதையைக் காட்டச் சொல்லிப் போய்ப் பாருங்கள். கொட்டேஷனில் "இறுக்கிய பிறகு ஆறு இஞ்ச்" என்ற வார்த்தை இருக்க வேண்டும். ஜல்லி முடிந்ததும் கல் இறங்கும் முன் ஒரு நாள் வேலையை நிறுத்தி, ஹோஸில் தண்ணீர் விட்டு எங்கே தேங்குகிறது என்று மேஸ்திரியோடு நின்று பாருங்கள். அந்தக் கட்டத்துக்கு ஒரு தவணை, கல் முடிந்ததும் ஒன்று, பத்து சதவீதம் ஐப்பசி மழை கழியும்வரை கையில். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டால் மண் உலர்ந்திருக்கும். மார்கழியிலேயே மேஸ்திரியிடம் நாள் சொல்லி வையுங்கள்.