ஷார்த்தியேவா, தூர் தார்ஜானா? பாரிஸ்ல ஒரு வேளை சாப்பாடு

பாரிஸ் போறேன், பழைய காலத்து ஃப்ரெஞ்ச் ரெஸ்டாரண்ட் ஒண்ணு சொல்லுன்னு கேக்கறவங்ககிட்ட நான் ரெண்டு பேர் சொல்வேன், ரெண்டுக்கும் நடுவுல ஏணி வெச்சாலும் எட்டாது. ஒண்ணு ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவுல 1896லேருந்து இருக்கற பூயோன் ஷார்த்தியே. இன்னொண்ணு சேன் நதிக்கரைல ஆறாவது மாடில இருக்கற லா தூர் தார்ஜான், 1582ல ஆரம்பிச்சதா அவங்க சொல்லிக்கறாங்க.

காசு விஷயம் சீக்கிரம் முடிச்சிடறேன். ஷார்த்தியேல முட்டை மயோனேஸ், ஸ்டேக்கும் ஃப்ரைஸும், ஒரு ஸ்வீட், எல்லாம் சேர்த்து 20 யூரோ சுமாருக்கு வயிறு நெறஞ்சிடும். தூர் தார்ஜான்ல மத்தியான செட் மெனுவே 100 யூரோவுக்கு மேல.

ஆனா அங்க போறது வாத்துக்காக. வாத்த முழுசா வேக விடாம ரோஸ்ட் பண்ணி, நெஞ்சுக்கறியையும் காலையும் அறுத்து எடுத்துட்டு, மிச்ச எலும்புக்கூட்ட வெள்ளி பிரஸ்ல வெச்சு திருகுவாங்க, ரத்தமும் சாறும் கரும்பு ஜூஸ் மாதிரி இறங்கும், அதுல ஈரல், கோன்யாக் பிராந்தி, மதேரா ஒயின் எல்லாம் சேர்த்து கெட்டியா கருப்பா ஒரு சாஸ். 1890லேருந்து ஒவ்வொரு வாத்துக்கும் நம்பர் போடறாங்க, நம்ம வாத்து நம்பர் அச்சடிச்ச கார்டு கைல குடுப்பாங்க, 2003ல பத்து லட்சத்த தொட்டாச்சு! ஜன்னல் வழியா நோத்ர் தாம் சர்ச்சோட பின்பக்கம் தெரியும். ரெஸ்டாரண்ட் தரத்துக்கு மிஷ்லின் கைடு குடுக்கற ஸ்டார்ல, 1996ல மூணாவதும் 2006ல ரெண்டாவதும் போச்சு, அதனால அந்த வாத்தோட மவுசு குறைஞ்சிடல.

ஷார்த்தியேல இந்த மாதிரி சடங்கு எதுவும் கிடையாது. பூயோன்னா இறைச்சி வேகவெச்ச சாறு, ட்யுவால்னு ஒரு கறிக்கடைக்காரர் 19ஆம் நூற்றாண்டு நடுவுல லெ ஆல் மார்க்கெட் தொழிலாளிங்களுக்கு அதையும் கறியையும் மலிவா போட ஆரம்பிச்சார், அந்த வழில வந்த கடை இது. கருப்பு வெயிஸ்ட்கோட், வெள்ளை ஏப்ரன் போட்ட சர்வர் நம்ம ஆர்டர மேஜைல விரிச்ச பேப்பர்லயே கிறுக்கிட்டு போயிடுவார், கடைசில கணக்கையும் அதுலயே கூட்டுவார். தினம் வர்ற கஸ்டமருங்க நாப்கின் வெச்சுக்க நம்பர் போட்ட சின்ன சின்ன மர டிராயருங்க சுவத்துல இன்னும் இருக்கு. கூட்டமா இருந்தா முன்னபின்ன தெரியாதவங்க மேஜைலயே உக்கார வெச்சிடுவாங்க.

என்னை அங்க கூட்டிட்டு போனது பாரிஸ்ல தமிழ்க் கடைங்க நெறஞ்ச லா ஷப்பல் ஏரியால இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருத்தர், வருஷக்கணக்கா ஒரு ஃப்ரெஞ்ச் ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை. முட்டை வந்த உடனே ஃபோர்க்கால ரெண்டா பொளந்து காட்டினார். "மஞ்சள் கருவைச் சுத்திக் கறுப்புக் கோடு விழேல்ல பாருங்கோ, சரியா அவிச்சிருக்கினம்." விலை மலிவுங்கறதுக்காக வேலைல அசட்டையா இல்ல, அது எனக்கு ரொம்ப பெருசா பட்டுச்சு.

அதனால ஒரே ஒரு வேளைதான் இருக்குன்னா நான் ஷார்த்தியேதான் சொல்வேன். சமையல் வீட்டு சமையல் மாதிரி சாதாரணம்தான், ஆனா ஊர்க்காரங்களும் ஸ்டூடண்ட்ஸும் வயசானவங்களும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடற சத்தம் அந்த பெரிய கண்ணாடிக்கூரை ஹால்ல கேக்கறது வேற எங்கயும் எனக்கு கிடைக்கல. காலைல பதினொன்றரைக்கு தெறக்கறாங்க, அப்பவே போய் நின்னுடுங்க, லேட்டானா க்யூ தெரு வரைக்கும் வந்துடும். வாத்துதான் வேணும்னா காசு சேர்த்துக்கிட்டு இன்னொரு ட்ரிப்ல மத்தியான சாப்பாட்டுக்கு புக் பண்ணுங்க, பகல்லதான் ஆறு நல்லா தெரியும்.