ரோமில் ஐந்து பயணங்கள்: நட்சத்திரங்களை நம்பாமல் உணவகம் தேடிய அனுபவம்

2016 அக்டோபரில் தொடங்கி 2024 மார்ச் வரை, அலுவல் காரணமாக ஐந்து முறை ரோம் சென்று, ஒவ்வொரு முறையும் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை தங்கியிருக்கிறேன். அலுவலகம் தரும் அன்றாடப் படியில் மூன்று வேளையும் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், நல்ல சாப்பாடு கையைக் கடிக்காத விலையில் எங்கே கிடைக்கும் என்பது எனக்கு ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கே எழுந்துவிடும் கேள்வியாக இருந்தது. உணவகங்களின் பெயர்ப் பட்டியலை இங்கே தரப்போவதில்லை. அவற்றைத் தேடிய முறைகளில் எது எட்டு ஆண்டுகள் தாங்கியது, எது முதல் வாரத்திலேயே கைவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கைவிட்டது, எல்லோரையும் போல நானும் நம்பிச் சென்ற வரைபடச் செயலியின் நட்சத்திர மதிப்பீடு. முதல் பயணத்தின் இரண்டாம் நாள், பான்தியோன் கோயிலுக்கு அருகில், 4.6 நட்சத்திரமும் ஆயிரக்கணக்கான கருத்துகளும் கொண்ட ஓர் உணவகத்தில் அமர்ந்து, 7 யூரோ என்று அச்சிட்டிருந்த சுட்ட மீனைக் கேட்டேன். பில்லில் அந்த மீனுக்கு மட்டும் 44 யூரோ 10 சென்ட் போட்டிருந்தார்கள். விலைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘எத்தோ’ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. எத்தோ என்றால் 100 கிராம், என் தட்டுக்கு வந்த மீனின் எடை 630 கிராம். சட்டப்படி அவர்கள்மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மீனும் சுமார்தான் என்பதுதான் கூடுதல் வருத்தம்.

அன்றிரவு விடுதி அறையில் அமர்ந்து அந்த உணவகத்துக்கு வந்திருந்த கருத்துகளைப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் படித்தவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு முறை அங்கே சாப்பிட்டவர்கள். நாள் முழுவதும் நடந்து களைத்து, பசியோடும் விடுமுறை மகிழ்ச்சியோடும் அமர்ந்து, மறுநாள் வேறு ஊருக்கு ரயில் ஏறியவர்கள். புகழ்பெற்ற சின்னத்தின் நிழலில் இருக்கும் கடைக்கு நேற்று வந்தவர் இன்று மீண்டும் வர வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் அவரிடத்தில் இன்று வேறொருவர் வந்துவிடுவார். ஆனால் அதே தெருவில் வேலை செய்பவரையோ குடியிருப்பவரையோ நம்பிப் பிழைக்கும் கடை, அவர் நாளைக்கும் வரவில்லையென்றால் மூட வேண்டியதுதான். அதன்பின் நான் தேடியதெல்லாம் இந்த இரண்டாவது வகைக் கடையைத்தான்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிகம் உதவிய அடையாளம், பயண வழிகாட்டிகளில் நான் பார்த்திராத ஒன்று: கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘புவோனி பாஸ்தோ’ ஒட்டுத்தாள்கள். இத்தாலியில் பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு மதிய உணவுக்காகக் கொடுக்கும் உணவுச் சீட்டுகளின் பெயர்தான் புவோனி பாஸ்தோ. எந்தெந்த நிறுவனத்தின் சீட்டுகள் செல்லும் என்பதைக் கடைக்காரர்கள் வாசலிலேயே ஒட்டிவைக்கிறார்கள். அந்த ஒட்டுத்தாள் இருக்கும் இடத்துக்கு மதியம் ஒரு மணிக்குச் சென்றால், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டவர்களும், சிமெண்டுத் தூசி படிந்த காலணியோடு கட்டட வேலையாட்களும் அருகருகே அமர்ந்து சாப்பிடுவதைக் காணலாம். ஒரு பாஸ்தா அல்லது இறைச்சி, ஒரு காய், தண்ணீர், காப்பி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் மதிய ஏற்பாடு இத்தகைய இடங்களில் பெரும்பாலும் உண்டு. 2024 இல் நான் அதற்குக் கொடுத்தது 13 யூரோ.

இந்த அடையாளமும் எப்போதும் பலித்தது என்று சொல்ல முடியாது. ஒட்டுத்தாள் இருந்த ஒரு காப்பிக் கடையில், உறைந்த பாஸ்தாவை மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்தார்கள்; நடுவில் பனிக்கட்டி அப்படியே இருந்தது.

பகுதி என்று எடுத்துக்கொண்டால், நான் மீண்டும் மீண்டும் சென்றது தெஸ்தாச்சோவுக்கு. மெட்ரோவின் பி தடத்தில் பிராமிதே நிலையத்தில் இறங்கினால் சிறிது நடைதான். நகரத்தின் இறைச்சிக்கூடம் 1975 வரை அங்கே இயங்கியது. கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த குடல், வால், நாக்கு போன்றவற்றிலிருந்து பிறந்த சமையலை ‘ஐந்தாவது கால்பங்கு’ என்று பொருள்படும் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். மாட்டுவாலைத் தக்காளியோடும் செலரித் தண்டோடும் மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் ‘கோடா அல்லா வச்சினாரா’ அதில் தலையானது. 2012 இல் இடம் மாறிய அப்பகுதிச் சந்தை, பழைய இறைச்சிக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலையில் அங்கே எந்தக் காய் குவிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனால், மதியம் எந்த உணவகம் உண்மையில் சந்தையில் வாங்கிச் சமைக்கிறது என்பது உணவுப் பட்டியலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பிப்ரவரியில் கூனைப்பூ (ஆர்டிச்சோக்) குவிந்து கிடக்கும்போது, அது பட்டியலில் இல்லாத கடையை நான் நம்புவதில்லை.

கிழமையும் ஒரு வழிகாட்டி. வியாழன் நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளி மீன், சனி குடல் என்பது ரோமானியர்களின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, காகித விரிப்புப் போட்ட எட்டு மேசைகள் மட்டுமே கொண்ட ஒரு டிராட்டோரியாவில், அதாவது எளிய உணவகத்தில், நான் கார்பொனாரா பாஸ்தா கேட்டதற்கு, பரிமாறிய அம்மையார் பென்சிலைக் காதில் செருகியபடி, “இன்று நியோக்கி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசையில் தனியாக அமர்ந்திருந்த முதியவர் சட்டைக் கழுத்தில் துண்டைச் செருகி முடிப்பதற்குள், அவர் கேட்காமலேயே அரை லிட்டர் வெள்ளை ஒயின் வந்தது. உருளைக்கிழங்கு நியோக்கி, விரலால் அழுத்தினாலே கரைந்துவிடும் பதத்தில், தக்காளிக் குழம்பில் மிதந்தபடி வந்தது. கடைசியில் அந்த அம்மையார் காகித விரிப்பின் ஓரத்திலேயே கணக்கைக் கூட்டிக் காட்டிவிட்டு, பிறகுதான் ரசீது கொண்டுவந்தார். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து 27 யூரோ. செயலியில் அந்த இடத்துக்கு 3.9 நட்சத்திரம்; குறைவான மதிப்பெண் கொடுத்தவர்களில் பலருடைய குறை, பரிமாறியவர் சிரிக்கவில்லை என்பது.

அந்தப் பயணத்திலும் 2024 இலும் என் மனைவி உடன் வந்தார், அவர் சைவம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதும் என நினைத்தது எங்கள் தவறு. புன்தாரெல்லே என்ற கீரைத்தண்டுச் சாலடில் நெத்திலி அரைத்த சாறு இருந்தது. பூசணிப்பூ வறுவலைக் கடித்தால் உள்ளே சீஸோடு அதே நெத்திலி. கார்பொனாரா, அமத்ரிசியானா, கிரிச்சா என்ற பாஸ்தாக்கள் மூன்றிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு உண்டு. எஞ்சுவது சீஸும் மிளகும் மட்டும் சேர்த்த ‘காச்சோ எ பேப்பே’. ஆனால் அதில் சேரும் பெக்கோரினோ ரொமானோ சீஸை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். என் மனைவிக்குக் கைகொடுத்தவை, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியாக் கீரையும், துண்டு பீட்சாக் கடைகளும்தான். அந்தக் கடைகளில் நீளமான பீட்சாப் பலகையின்மேல் கத்தியை வைத்து, இவ்வளவு போதுமா என்று கண்ணாலேயே கேட்பார்கள். கையால் இன்னும் கொஞ்சம் என்றோ குறை என்றோ காட்டினால், வெட்டி, நிறுத்து, எடைக்கு விலை போடுவார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்ட இரண்டு துண்டுகளில் அவருடைய மதிய உணவு 5 யூரோவுக்குள் பல நாள் முடிந்தது.

செயலியை நான் அடியோடு விட்டுவிடவில்லை. அதில் பார்க்கும் பகுதியை மாற்றிக்கொண்டேன். நட்சத்திரத்தைத் தாண்டிச் சென்று, புதிய கருத்துகளில் இத்தாலிய மொழியில் இருப்பவற்றை மொழிபெயர்த்துப் படிக்கிறேன், உணவுப் பட்டியலின் அண்மைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், திறக்கும் நேரத்தைக் கவனிக்கிறேன். மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு போடும் இடம் ரோமானியர்களுக்கானது அல்ல. அவர்கள் எட்டு மணிக்கு முன் அமர்வது அரிது. பட்டியலில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் உடுக்குறி (*) இருந்தால் அது உறைபொருளிலிருந்து செய்தது என்பதையும் பிற்பாடுதான் அறிந்தேன்.

பில்லைப் பொறுத்தவரை, இத்தாலியின் பிற பகுதிகளில் சாதாரணமான ‘கோபெர்த்தோ’ என்ற மேசைக் கட்டணத்தை, ரோம் அடங்கிய லாட்சியோ மாநிலம் 2006 இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் ‘ரொட்டி’ என்ற தலைப்பில் ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ வருவதுண்டு. வேண்டாமென்றால் ரொட்டிக்கூடையைத் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட வேண்டும். முதல் பயணங்களில் சிறு கடைகளுக்காக எப்போதும் ரொக்கம் வைத்திருப்பேன். அட்டையை மறுக்கும் வணிகர்களுக்கு 2022 ஜூன் முதல் அபராதம் வந்தபின் அந்தத் தேவை குறைந்துவிட்டது.

உள்ளூர்க்காரர்களின் கடையைத் தேடும் இந்த வழி முற்றிலும் தோற்றது 2018 ஆகஸ்டில். உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கும் கடைகள், உள்ளூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போகும் அந்த மாதத்தில் தாங்களும் மூடிக்கொள்கின்றன. 15 ஆம் தேதியை ஒட்டிய இரண்டு வாரமும் கதவுகளில் ‘விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது’ என்ற கைப்பட எழுதிய தாள்களையே படித்துக்கொண்டு நடந்தேன். 2022 இல் சென்றபோது, குறித்துவைத்திருந்த ஒன்பது இடங்களில் மூன்று பெருந்தொற்றுக்குப் பின் திறக்கவே இல்லை. அந்த எட்டு மேசை டிராட்டோரியா மட்டும் 2024 இலும் இருந்தது. பாஸ்தாவின் விலை 8 யூரோவிலிருந்து 12 ஆகியிருந்தது, இரவில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பதில்லை. மதியம் ஒன்றேகாலுக்குப் போனோம், வாசலருகே ஒரு மேசை காலியாக இருந்தது.