பானெட்டின் அடியில் உதிரும் நுரை: புதியதை ஒட்டுவதா, பிய்த்துவிட்டு ஓட்டுவதா?

1984 இறுதியில் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ124 காரின் பானெட்டைத் தூக்கினால் உட்புறம் முழுக்க, எஞ்சின் சத்தத்தையும் சூட்டையும் தடுக்கும் கறுப்பு நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு என்று சொல்வதே சரி. 1995இல் புனேயில் தயாரிப்பைத் தொடங்கியபோது மெர்சிடிஸ் முதலில் கட்டியதும் இதே கார்தான் என்பதால், நம்மூரிலும் பராமரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இன்று அந்த நுரையை விரலால் தொட்டால் வறட்டிப் பொடியைப் போல உதிர்கிறது.

காரணம் எளியது. பாலியூரித்தேன் நுரையின் பிணைப்புகளை ஈரப்பதம் மெல்ல அறுக்கிறது. எஞ்சின் சூடு அதை விரைவுபடுத்துகிறது. உதிர்ந்த துகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டால் அசிங்கம், அவ்வளவுதான். முன்கண்ணாடிக்கு அருகே, கேபினுக்குக் காற்றை இழுக்கும் வாயில் புகுந்தால்தான் தொல்லை: ஏசியைப் போட்டதும் கறுப்புத் தூள் மடியில் வந்து விழும். எண்ணெய் ஊறிய நுரை சூடான பாகத்தின் மேல் தொங்கினால் தீ அபாயமும் உண்டு. ஆகவே பழையதை அகற்றுவதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதற்குப் பின் என்ன என்பதில்தான் மெக்கானிக்குகளே பிரிந்து நிற்கிறார்கள்.

சுரண்டியெடுத்துவிட்டு அப்படியே ஓட்டுவது முதல் வழி. செலவில்லை, எலி கூடு கட்டப் பஞ்சும் இல்லை. பெட்ரோல் எஞ்சினென்றால் நான் இதைத் தடுக்க மாட்டேன். டீசலில் கடகடப்பு வெளியே நன்றாகவே கேட்கும். பானெட்டின் பெயின்டுக்கும் சூடு நேராகப் படும்.

அந்த மாடலுக்கென்றே வெட்டி விற்கும் பட்டை இரண்டாவது. விலை உறுத்தும். ஆனால் விளிம்புகள் பானெட்டின் சட்டங்களுக்குள் சரியாக உட்காரும், தடிமனும் சரியாக இருக்கும். இதுவும் பாலியூரித்தேன் நுரையே என்றால் ஒருநாள் உதிரத்தான் செய்யும். அது பல ஆண்டுகள் கழித்து வரும் கவலை.

மூன்றாவது, தாளாக வாங்கி நாமே வெட்டி ஒட்டுவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பர் தாள் சுலபமாகக் கிடைக்கிறது, எண்ணெயையும் நீரையும் உறிஞ்சாது. ஆனால் அதன் நுண்ணறைகள் மூடியவை. ஒலியை விழுங்க வேண்டுமென்றால் காற்று துளைகளுக்குள் போய்வந்து உராய வேண்டும். அதற்குத் திறந்த துளை நுரை வேண்டும். அந்த வகையில் மெலமின் நுரை நல்லது: சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. மேலே மெல்லிய உறை இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்துவிடும் என்பதே குறை. அலுமினியத்தாள் ஒட்டியதை வாங்கினால் சூடு எதிரொளிக்கும். தாள் தடித்திருந்தால் ஒலியும் உள்ளே போகாமல் எதிரொலிக்கும். பேட்டரிக்கு மேலே அந்தத் தாளின் ஓரம் பிரிந்து தொங்கக் கூடாது. முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகும்.

எதை ஒட்டினாலும் அற்புதம் நிகழாது. 20 மி.மீ. தடிமன் நுரை 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளைத்தான் நன்றாக அடக்கும். அடித்தொண்டை உறுமலுக்குப் பல மடங்கு தடிமன் வேண்டும். அதற்குப் பானெட்டின் கீழே இடம் ஏது?

நான்காவதாகக் கடைக்காரர்கள் நீட்டுவது பியூட்டைல் ரப்பர் தாள். கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க அருமையான பொருள், பானெட்டுக்குத் தேவையற்றது. 2 மி.மீ. தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ கனம் சேர்க்கும். எஞ்சினிலிருந்து காற்றில் வரும் ஒலியை அது உறிஞ்சுவதில்லை. கட்டடக் கூரைக்கு ஒட்டும் தார்த்தாளை மலிவென்று வாங்குவது இன்னும் மோசம்: வெயிலில் இளகும், நாறும்.

டீசல் டபிள்யூ124 என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. கைவேலை தெரிந்தவருக்கு உறையிட்ட மெலமின். கேபினுக்குள் அமைதி வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் பணத்தை வேறிடத்தில் போடுங்கள். உள்ளே வரும் சத்தத்தில் பெரும்பகுதி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு, வயர்கள் நுழையும் துளைகளின் இற்றுப்போன ரப்பர், எஞ்சினைத் தாங்கும் அமுங்கிப்போன ரப்பர் மவுண்ட் ஆகியவற்றின் வழியாக வருகிறது.

ஒட்டும் வேலையில் வசதியான செய்தி ஒன்று உண்டு: இந்தக் காரின் பானெட்டைச் செங்குத்தாக 90 டிகிரிக்கு நிறுத்தலாம். எஞ்சினையும் காற்று வாயையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, முகக்கவசம் அணிந்து, பழையதைச் சற்று நனைத்துப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் போதும். தின்னர் பெயின்டைக் கரைத்துவிடும். பிறகு சோப்பு நீரால் துடைத்து நன்றாக உலர விடுங்கள், பிசுக்கின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. தச்சுவேலைக்கான சாதாரணப் பசை இந்தச் சூட்டில் இளகிப் பட்டையை எஞ்சின் மேலேயே இறக்கிவிடும். அதிக வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசையை இருபுறமும் அடித்து, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிரவு பானெட்டை மூடாமல் விட்டுவிடுங்கள்.