கடைசி மாடியில் வாடகைக்கு: எல்லாம் பிடித்திருக்கிறது, தண்ணீரைத் தவிர

எங்கள் அபார்ட்மெண்டில் பக்கத்து வீடு காலியாகப் போகிறது. அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "நீங்க பல வருஷமா அங்கதானே இருக்கீங்க, வரலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். போன வாரம்தான் எங்கள் வீட்டுக் குழாய் வேலை முடிந்தது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

சிறு நகரத்து வாடகை வாழ்க்கையின் நல்லதுகள் எல்லோரும் அறிந்தவைதான். வேலைக்கு நடந்தே போய்விடலாம், வாடகை சம்பளத்தை விழுங்காது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் தேர்வு குறைவு. பிடித்த தெருவில் ஒரு வீடு காலியாவதே அபூர்வம், அதுவும் யாராவது சொல்லித்தான் தெரியவரும். அதனால் எந்த மாடி கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம். எனக்குக் கிடைத்தது நான்காவது மாடி, அதுதான் கடைசி. தலைக்கு மேலேயே மொட்டைமாடித் தொட்டி.

தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீர் நன்றாக வரும் என்றுதான் வீடு பார்க்க வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. குழாயில் வரும் வேகத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு இல்லை, குழாய்க்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். தரைத்தள வீட்டு ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே நான்கு மாடி உயரம் இருக்கிறது. என் ஷவருக்கு மேலே தொட்டித் தண்ணீர் இரண்டு மீட்டர் நின்றால் பெரிய விஷயம். அதாவது 0.2 பார். தலையில் சோப்பு போட்டுவிட்டு நிற்கிறவருக்கு அந்த எண்ணின் அர்த்தம் புரியும். உடனடி கேஸ் கீசர் வைத்துப் பார்த்தோம், பற்றவே இல்லை. அது எரியத் தொடங்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும்.

இதைவிட என்னை எரிச்சலாக்குவது சாயங்காலம். தொட்டியில் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் கீழ்வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு மேலே சுமார் பதினான்கு மீட்டர் நிற்கிறது, அதில் ஒன்று போனால் என்ன தெரியும்? எனக்கோ இருப்பதில் பாதி போய்விடுகிறது. குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னால் "எங்க வீட்டுல நல்லா வருதே" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் நிஜமாகவே நன்றாகத்தான் வருகிறது. அது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

இனி ரிப்பேர். ஷவர் துளைகளில் உப்பு படிந்திருந்தது. அதை வினிகரில் ஊறவைத்ததும் கொஞ்சம் தேவலை. தொட்டியடியில் இருந்த பழைய கேட் வால்வு பாதியில் இறுகிக் கிடந்தது, அதை எடுத்துவிட்டு பால் வால்வு போட்டோம். அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக மாற்றி, தேவையில்லாத இரண்டு எல்போக்களையும், அதாவது குழாய் வளைவுகளையும், கழற்றினார் பிளம்பர். ஊரில் நல்ல பிளம்பர்கள் குறைவு, அவருக்காகக் காத்திருந்ததே பெரிய கதை. ஆனாலும் வேலை சுத்தம். சமையலறைக் குழாய் ஷவரைவிடத் தாழ்வாக இருப்பதால் அங்கே இப்போது குறையே இல்லை. ஷவர் காலையில் பரவாயில்லை, சாயங்காலம் பழையபடிதான். பெரிய குழாய் உராய்வில் போகும் வேகத்தைக் காப்பாற்றும், இல்லாத உயரத்தைக் கொடுக்காது.

மிச்சமிருக்கும் ஒரே வழி பிரஷர் பம்ப். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் ஓடுவதை உணர்ந்து தானாக ஓடத் தொடங்கும் வகைகளுக்கு முதலில் கொஞ்சமாவது ஓட்டம் வேண்டும். தொட்டி இறங்கிய நேரத்தில் அந்தக் கொஞ்சமும் இருக்காது. அழுத்தக் குறைவை உணர்ந்து ஓடும் வகை வேண்டும், அதற்குச் செலவு அதிகம். வீட்டுக்காரர் யோசிக்கிறேன் என்கிறார். நல்ல மனிதர், கூப்பிட்டால் போனை எடுப்பார், வாடகையை அநியாயமாக ஏற்றியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

நான் காலி செய்யப் போவதில்லை. இந்த வெளிச்சமும் காற்றும் அமைதியும் இந்த வாடகைக்கு வேறெங்கும் கிடைக்காது, அடுத்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். பம்ப் வைத்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாருங்கள். அப்போதும் வீட்டை ஒருமுறை சாயங்காலம் வந்து பாருங்கள், ஷவரைத் திறந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.