ஒபினெலா, விக்டோரினாக்ஸா? கொழும்பு உப்புக்காற்றில் மடக்குக் கத்தி சேர்ப்பது பற்றி

மடக்குக் கத்திகளைச் சேர்த்து, அவற்றைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளும் பொழுதுபோக்கில் இறங்குபவர்கள் அநேகமாக இரண்டில் ஒன்றோடுதான் தொடங்குவார்கள். ஒன்று பிரான்சின் ஒபினெல். மற்றது நாம் ‘சுவிஸ் கத்தி’ என்று சொல்லும் விக்டோரினாக்ஸ். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் தொடர்ந்து சேர்ப்பதும், அரமும் எண்ணெயும் எடுத்து உட்கார்ந்து வேலை செய்வதும் ஒபினெலில்தான். வெள்ளவத்தையில், கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும் இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

விக்டோரினாக்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அதை அறியாதவர் குறைவு. 1884இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறை அது. திருகாணி முடுக்கி, கத்தரிக்கோல், டின் திறப்பான் எல்லாம் ஒரே பிடிக்குள் அடங்கிவிடும். எவர்சில்வர் அலகு என்பதால் லேசில் கறள் பிடிக்காது. கழுவி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பராமரிப்பு முடிந்தது. அன்றாடப் பாவனைக்கு ஒரே ஒரு கத்தி வேண்டும் என்பவர் இதையே வாங்கலாம், யோசிக்கத் தேவையில்லை.

மாற்றம் செய்ய உட்கார்ந்தால்தான் கதை வேறு. பக்கத்துச் சிவப்புப் பிளாஸ்டிக் மூடிகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. மெதுவாக நெம்பினால் கழன்று வரும், அந்த இடத்தில் மர மூடியோ உலோக மூடியோ போடலாம். அதற்கு மேல் உள்ளே போக முடியாது. அலகுகளும் வில்லுகளும் (ஸ்பிரிங்குகளும்) அடுக்கடுக்காக வைத்து ஆணி அடித்து இறுக்கப்பட்டவை. உள்ளே ஒரு வில் உடைந்தால் ஆணியைத் துளைத்து எடுத்து, புது ஆணி போட்டு, பழைய இறுக்கத்தோடு அடித்துச் சேர்க்க வேண்டும். அலுமினிய மூடி போட்ட அலோக்ஸ் வகையில் மூடியே ஆணியோடு சேர்ந்துவிட்டதால் அதையும் கழற்ற இயலாது. அலோக்ஸை நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அதன் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்ல வரவில்லை.

ஒபினெல் இதற்கு நேர்மாறு. 1890இல் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒபினெல் உருவாக்கிய வடிவம் பெரிதாக மாறாமலே இன்றும் வருகிறது. மொத்தம் ஐந்தே பாகங்கள்: மரப்பிடி, அலகு, ஒரு ஆணி, கழுத்துப் பட்டை, அதன்மேல் சுழன்று அலகைப் பூட்டும் வளையம். 1955இல் வந்த அந்த வளையம் ஒன்றுதான் பெரிய மாற்றம். வில் என்று எதுவும் கிடையாது. அலகின் மேல் ஒரு கையும் கிரீடமும் பொறித்திருக்கும். எட்டாம் நம்பர்தான் கைக்கு அளவானது, அலகு எட்டரை சென்டிமீட்டர்.

இனி, கொழும்பில் இதைத் தீர்மானிக்கிற விஷயத்துக்கு வருவோம்: ஈரம். பிடி பீச் மரம். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் ஊதும். அலகு மடிந்து உட்காரும் பிளவு ஒடுங்கி, கத்தியைக் கவ்விக்கொள்ளும். தென்மேல் பருவ மழை தொடங்கி ஒரு கிழமை போனால் போதும், புதுக் கத்தியை நகத்தால் திறக்க முடியாது. சவோய்க்காரர்கள் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே வரவைப்பார்கள். அது அவசரத்துக்கு உதவும், மருந்தாகாது.

மருந்து நம் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் நான் ஒபினெல் பக்கம். மழை விட்ட நாட்களில் கத்தியைத் திறந்தபடி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் சாண்ட் பேப்பரைச் சுற்றி, பிளவின் இரு சுவர்களையும், முக்கியமாக ஆணிக்கு அருகில், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். அலகைத் திறந்து மூடிப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதிகம் தேய்த்தால் அலகு ஆடும். பிறகு கழுத்துப் பக்கத்தை லின்சீட் (ஆளி விதை) எண்ணெயில் அமிழ்த்தி வைத்து, எடுத்துத் துடைத்துத் தொங்கவிடுங்கள். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது மரத்துக்குள் இறுகாது, நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். லின்சீட் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மரத்தின் துளைக்குள்ளேயே இறுகி, ஈரம் புகும் வேகத்தைக் குறைக்கும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது வெப்பம் வெளியேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

இத்தனை செய்தாலும் அடைமழையில் கொஞ்சம் இறுக்கம் வரத்தான் செய்யும். எண்ணெய் திரும்பவும் போட வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நானே திருத்துகிறேன், வேறு யாரையும் தேட வேண்டியதில்லை. கடலிலிருந்து தள்ளி, மகரகம பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

ஒபினெலிலும் கறள் பிடிக்காத அலகு உண்டு. கடலோரத்தில் இருப்பவர் அதை வாங்குவதே புத்தி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் என் விருப்பம் கார்பன் இரும்பு. கறுத்தக்கொழும்பான் மாங்காயை வெட்டி, அலகைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். புளிச்சாறு பட்ட இடமெல்லாம் நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக நிறம் ஏறியிருக்கும், ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு தெரியும். சூடான வினாகிரியில் அமிழ்த்தினால் ஒரே சீராகக் கறுக்கும். எனக்கு மாங்காய் போடும் கோலம்தான் பிடிக்கும், ஒரு கத்தியில் வந்தது இன்னொன்றில் வராது. இந்தப் படலம் சிவப்புக் கறளைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. உப்புக்காற்று பட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால் தையல் மெஷின் எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பிடியில் செய்யக்கூடிய வேலைக்குக் குறைவே இல்லை. அரத்தால் விரலுக்கு வாட்டமாகக் குழித்து எடுக்கலாம், வால் பக்கத்தைத் தட்டையாக்கலாம், தேயிலைச் சாயம் ஏற்றலாம். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் பழைய முதிரை மரக் கதிரைக் கால் கிடைத்தால் முழுப் பிடியையே புதிதாகச் செய்யலாம். அதை நான் இன்னும் செய்ததில்லை. பிளவை நேராக அறுப்பதுதான் அதில் கஷ்டம் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள்.

தொடங்குகிறவர் விலை கூடிய மரப்பிடி வகைகளைத் தேட வேண்டாம். சாதாரண பீச் பிடி, எட்டாம் நம்பர், கார்பன் அலகு போதும். வாங்கியதும் பிடியிலுள்ள வார்னிஷை முழுவதும் தேய்த்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது.