சிம்கோ ஏரிக்குப் பின்னல் நூலா, தங்கூசியா? உறைந்த ஏரிக்கும் திறந்த நீருக்கும் ஓர் ஒப்பீடு

இந்தக் குளிர்காலத்துக்கு முன்பாக என் தூண்டில் ரீல்களில் இருந்த தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நூலைக் கழற்றிவிட்டு, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நூலைச் சுற்றிக்கொண்டேன். சிம்கோ ஏரிக்கு என்னோடு வருபவர்களில் பலர் இன்னமும் தங்கூசியைத்தான் நம்புகிறார்கள். யாழ்ப்பாணக் கரையோரத்தில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு விரலில் தங்கூசி பேசும் மொழி நன்றாகத் தெரியும் என்பதால், அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், இந்த ஏரியில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் சேர்த்து ஒரே வகை நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அது பின்னல் நூலாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதன் நுனியில், நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் இடையே, ஃபுளோரோகார்பன் என்னும் இன்னொரு வகை நூலின் துண்டு ஒன்று லீடராகக் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலில் ஏரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவு அதைப் பொறுத்ததே. ரொறொன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சிம்கோ, சுமார் 722 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. தெற்கில் நீளும் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. அங்கே பெர்ச் மீனைப் பத்துப் பதினைந்து அடி நீரிலேயே பிடிக்கலாம். மேற்கே பாரி நகரம் வரை நீளும் கெம்பன்ஃபெல்ட் குடாதான் ஏரியின் ஆழமான பகுதி. அதிகபட்ச ஆழம் 41 மீற்றர். லேக் ட்ரௌட்டும் வைட்ஃபிஷும் குளிர்காலத்தில் அந்தப் பக்கத்தில் எண்பது, தொண்ணூறு அடி ஆழத்தில் கிடைக்கின்றன. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இதே ஏரி பெரிய ஸ்மோல்மவுத் பாஸுக்குப் பெயர்போனது. ஆகவே ஒரே ஆள், ஒரே ஏரியில், பத்தடி நீரிலும் தொண்ணூறு அடி நீரிலும், வெயிலிலும் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் தூண்டில் போடுகிறார்.

கடையில் கிடைக்கும் மூன்று வகைகளையும் பலர் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தங்கூசி என்பது ஒற்றை இழை நைலான். மலிவானது, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், நீரை விடச் சற்றே அடர்த்தி கூடியது. ஃபுளோரோகார்பன் நைலானை விடக் கனமானது, நீரை உறிஞ்சாது, வேகமாக மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, நீரினுடையது 1.33, நைலானுடையது 1.5ஐத் தாண்டுகிறது, நீருக்குள் அது குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பின்னல் நூல் மிக வலிமையான பொலிஎதிலீன் இழைகளால் ஆனது. நீரை விட இலேசானது என்பதால் மிதக்கும். 10 இறாத்தல் பின்னல் நூல், அதே வலிமையுள்ள தங்கூசியை விட வெகு மெல்லியதாக இருக்கும். விலை, பின்னல் நூலுக்கும் நல்ல ஃபுளோரோகார்பனுக்கும் கூடுதல்.

இவற்றில் எதுவும் என்னைப் பின்னல் நூலுக்கு மாற்றவில்லை. மாற்றியது நீட்சி.

உறைந்த ஏரியில் நாம் பயன்படுத்தும் கம்பு இரண்டேகால் அடி, மிஞ்சினால் மூன்றடி நீளம். பனிக்கட்டியில் இட்ட துளையின் பக்கத்தில் அமர்ந்தபடி, கொத்திய மீனின் வாயில் முள் ஏற மணிக்கட்டையும் முழங்கையையும் மட்டும் உயர்த்திச் சுண்டினால், கம்பின் நுனி மேலே போவது மூன்றடிதான். திறந்த நீரில் ஏழடிக் கம்போடு படகில் நின்று சுண்டும்போது கிடைக்கும் வீச்சு இங்கே கிடையாது. இனிக் கணக்கைப் பாருங்கள். தங்கூசி அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடியது. நனைந்த பின் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இழுபடும். நாம் சுண்டும் அளவு விசையில் வெறும் 5 விழுக்காடு நீள்வதாக வைத்துக்கொண்டாலும், தொண்ணூறு அடி தங்கூசி நாலரை அடி நீள்கிறது. நம் வீச்சோ மூன்றடி. நாம் கொடுத்த சுண்டு முழுவதையும் நூலே விழுங்கிவிடுகிறது; கீழே மீனின் வாயில் இருக்கும் தூண்டில் முள் அசைவதுகூட இல்லை. பின்னல் நூல் அறும் தறுவாயிலேயே மூன்று நான்கு விழுக்காடுதான் நீளும்; சுண்டும் விசையில் தொண்ணூறு அடிக்கு ஓரடி நீண்டாலே அதிகம். மீதி இரண்டடி வீச்சும் முள்ளுக்குப் போய்ச் சேருகிறது.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. குளிர்காலத்தில் அடியாழத்து நீர் 4 பாகைக்கு மேல் இருப்பதில்லை. அந்தக் குளிரில் மீன் பெரும்பாலும் மெதுவாகவே கொத்தும். வைட்ஃபிஷ் இரையை வாயில் எடுத்துக்கொண்டு சில அங்குலம் மேலே எழும்பும்; அப்போது நூலில் ஏற்படுவது இழுப்பே அல்ல, சிறு தொய்வுதான். நீண்டு கொடுக்கும் நூலில் அந்தத் தொய்வு மேலே வந்து சேர்வதற்குள் கரைந்துபோகிறது. பின்னல் நூலில் கம்பின் மெல்லிய நுனி அரை அங்குலம் நிமிர்வது கண்ணுக்குத் தெரியும். அந்த நொடியில் சுண்டினால் மீன் உண்டு. ஒலியலையால் மீனைக் காட்டும் சோனார் திரையில் மீனின் கோடு நம் இரையின் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தும் கையில் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன நூல் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். லேக் ட்ரௌட் சில வேளைகளில் அடியிலிருந்து இரையைத் துரத்திக்கொண்டு மேலே வரும். ரீலைச் சுற்றிச் சுற்றி அதற்கு ஆசை காட்டும்போது முப்பது, நாற்பது அடியில்தான் அது பாய்ந்து கவ்வுகிறது. அங்கே நூலின் நீளம் குறைவு, கொத்தும் முரட்டுத்தனமானது, தங்கூசியே போதும். அடியோடு ஒட்டிக் கிடந்து மெதுவாக எடுக்கும் மீனுக்குத்தான் நீட்சி தீர்ப்புச் சொல்கிறது, சிம்கோவில் அப்படிப்பட்ட மீன்களே அதிகம் என்பது என் அனுபவம்.

பின்னல் நூலுக்கு எதிராக எல்லோரும் முதலில் சொல்வது அது உறைந்துபோகும் என்பதை. உண்மைதான். இழை தானாக நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் இழைகளுக்கு இடையில் உள்ள சந்துகளில் நீர் தங்கி, நூலோடு மேலே வந்து, கம்பின் வளையங்களில் சேர்ந்து உறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில், காற்றுக்கு மறைப்பில்லாமல் இருந்தால், நுனி வளையத்தில் மிளகளவு கட்டி உருவாகச் சில நிமிடங்கள் போதும். பிறகு நூல் வளையத்துக்குள் ஓடாது, சிறு ஜிக் (எடையோடு சேர்ந்த முள்) கீழே இறங்காது. அந்தக் கட்டியை நகத்தால் கிள்ளியோ நூலை வெடுக்கென்று இழுத்தோ எடுக்கக் கூடாது. நூலின் நார் பிரியும், வளையத்தின் உள் பூச்சும் கழன்றுவிடும். கம்பின் நுனியை அப்படியே துளை நீருக்குள் அமிழ்த்திக் கொஞ்ச நேரம் பிடித்தால் கட்டி தானாகக் கரைகிறது, ஏனெனில் அந்த நீர் வெளிக்காற்றை விடப் பல பாகை சூடானது. பெரிய துளையுள்ள நுனி வளையம் கொண்ட கம்பை வாங்குவது இன்னும் நல்லது. கூடாரத்துக்குள் சிறு ஹீற்றர் வைத்துக்கொண்டு பிடிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, கெம்பன்ஃபெல்ட் குடாவின் ஆழத்தில் நாள் முழுவதும் இருப்பவர்கள் பெரும்பாலும் கூடாரத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

உறைபனிக்கென்றே மெழுகு போன்ற பூச்சுப் பூசிய பின்னல் நூல்கள் விற்கப்படுகின்றன. பூச்சு புதிதாக இருக்கும்வரை நன்றாகவே இருக்கும். தேயத் தேயச் சாதாரண நூலைப் போலவே நீரைச் சுமக்கத் தொடங்கும். இழைகளைப் பின்னாமல் சூட்டில் ஒன்றாக ஒட்டவைத்துச் செய்யும் ஃபயர்லைன் போன்ற நூல் சற்று விறைப்பானது, ஆனால் சந்து குறைவு என்பதால் நீரையும் குறைவாகவே ஏற்றுகிறது. கூடாரம் இல்லாதவர்கள் பின்னல் வகையைத்தான் விரும்பினால் இதைப் பார்க்கலாம். நூலில் தெளிக்கும் சிலிக்கோன் திரவங்களும் உண்டு. அவற்றால் கொஞ்ச நேரம் பயன் இருப்பதாகத் தோன்றுகிறது. உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு நான் பயன்படுத்தவில்லை.

தங்கூசிக்கும் குளிரில் ஒரு நோய் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஐஸ் ரீலின் உருளை மிகச் சிறியது. அதில் மாதக்கணக்கில் சுற்றிக் கிடந்த தங்கூசி, குளிரில் விறைத்து, அந்தச் சுருள் வடிவத்திலேயே துளைக்குள் இறங்கும். ஒன்றரைக் கிராம் எடையுள்ள ஜிக்கால் அந்தச் சுருளை நேராக்க முடியாது. நாம் கம்பை உயர்த்தும்போது சுருள்தான் நிமிர்கிறது, ஜிக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புறப்படுவதற்கு முன் உருளையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முதல் முப்பது நாற்பது அடியை வெளியே எடுத்துக் கையால் மெல்ல இழுத்துவிட்டால் அன்றைய பொழுதுக்குச் சரியாகும். பின்னல் நூலுக்கு இந்த வேலை எதுவும் வேண்டியதில்லை.

லீடர் இல்லாமல் பின்னல் நூலை நேரடியாகத் தூண்டிலில் கட்டுவதை நான் ஏற்பதில்லை. சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பிகள் பெருகிய பின் நீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. தெளிந்த நீரில் பின்னல் நூல் அப்பட்டமாகத் தெரியும். அதே சிப்பிகளின் ஓரங்கள் பாறைகளின் மேல் சவரக்கத்தியாக நிற்கின்றன, பதமான பின்னல் நூல் அவற்றில் ஒருமுறை உரசினாலே நார் பிரிகிறது. குளிர்காலத்தில் பெரிய மீன் துளைக்குக் கீழே வந்து பக்கவாட்டில் ஓடும்போது நூல் பனிக்கட்டியின் அடி விளிம்பில் உரசும். அந்த நேரத்தில் கம்பின் நுனியைத் துளைக்குள் அமிழ்த்திப் பிடிப்பதோடு, உரசுவது ஃபுளோரோகார்பனாக இருப்பதும் அவசியம். லேக் ட்ரௌட்டுக்கு 10 இறாத்தல், வைட்ஃபிஷுக்கு 6, பெர்ச்சுக்கு 4 என்று வைத்துக்கொள்கிறேன்.

இணைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. இரு நூல்களை நேரடியாகச் சேர்க்கும் டபுள் யூனி முடிச்சு கம்பின் வளையங்களுக்குள் ஓடும், ஆதலால் லீடரை விரும்பிய நீளத்துக்கு வைக்கலாம். ஆனால் உறைபனி சேரும் முதல் இடமும் அந்த முடிச்சுதான். இடையில் சிறிய ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) வைத்துக் கட்டினால் ஜிக் சுழன்று நூல் முறுக்குவது நிற்கும், விறைத்த விரல்களாலும் கட்ட முடியும். ஆனால் ஸ்விவல் நுனி வளையத்துக்குள் போகாது; லீடர் இரண்டடியைத் தாண்டினால் மீனைத் துளைக்கு வெளியே எடுக்கக் கை எட்டாது. குளிர்காலத்துக்கு நான் ஸ்விவலையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். எந்த முடிச்சானாலும் ஃபுளோரோகார்பனை நனைக்காமல் இறுக்கக் கூடாது. உராய்வுச் சூட்டில் அது வலுவிழக்கும்.

திறந்த நீரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது, முப்பது அடியில் டிராப்ஷாட் முறையில் (எடை நூலின் அடியிலும் முள் அதற்குச் சற்று மேலேயும்) ஸ்மோல்மவுத் பிடிப்பவர்களுக்குப் பின்னல் நூலும் எட்டு அடிக்குக் குறையாத ஃபுளோரோகார்பன் லீடரும் சேர்ந்ததை விடச் சிறந்த அமைப்பை நான் அறியேன். தூரமாக வீசலாம், தரை மணலா பாறையா என்பது கையில் தெரியும். நீர்மட்டத்தில் ஓடும் போலி இரைகளுக்கு மிதக்கும் நூல் இயல்பாகவே பொருந்துகிறது, அங்கே ஃபுளோரோகார்பன் மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். மும்முள் தொங்கும் கிராங்க்பெய்ற் வகைகளுக்கு மட்டும் தங்கூசி மேல். மீன் துள்ளும்போது நூல் சற்றே நீண்டு கொடுப்பதால் முள் கழலாமல் இருக்கிறது. பலத்த காற்றில் இலேசான இரையை வீசினால் பின்னல் நூல் தளர்ந்து சிக்காகும், வீசிய பின் ரீலின் வளைகம்பியைக் கையால் மூடி, நூலை ஒருமுறை இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வைட்ஃபிஷின் வாய் மென்மையானது என்பதால், நீளாத நூலில் பலமாகச் சுண்டினால் வாய் கிழிந்து மீன் போய்விடும் என்பது தங்கூசிப் பக்கத்தின் வலுவான வாதம். அதை நான் மறுக்கவில்லை. நுனி மென்மையான கம்பும், சற்றே தளர்த்திய டிராக்கும் (ரீலின் பிரேக்) இருந்தால் நூல் கொடுக்காத நெகிழ்வைக் கம்பு கொடுக்கும். விறைப்பான கம்பு மட்டுமே வைத்திருப்பவர் பின்னல் நூலுக்கு மாறுவதற்கு முன் கம்பை மாற்றுவது நல்லது.

பராமரிப்பில் பின்னல் நூலே மேல். தங்கூசி வெயிலில் வலுவிழக்கும், ஆகவே ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பின்னல் நூல் பல ஆண்டுகள் உழைக்கும். மேல் பகுதி தேய்ந்தால் தலைகீழாகத் திருப்பிச் சுற்றி, அதுவரை அடியில் இருந்த புது நூலைப் பயன்படுத்தலாம். சுற்றும்போது உருளையில் முதலில் சில சுற்றுத் தங்கூசி போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் பின்னல் நூல் முழுவதும் உருளையில் பிடிமானமின்றி வழுக்கும், பெரிய மீன் இழுக்கையில் ரீல் சுற்றும், நூல் வராது.

நான் தங்கூசியை விட்டுவைத்திருக்கும் அந்த ஒரு ரீல் குக்ஸ் குடாவின் பெர்ச்சுக்கானது. அங்கே கூடாரம் போடாமல், வெட்டவெளியில் துளைக்குத் துளை நடந்துகொண்டே பிடிக்கிறோம்; ஆழம் பதினைந்து அடி என்றால் நீட்சி ஓரடியைத் தொடுவதில்லை, உறைவதுதான் பெரிய தொல்லை. அந்த இடத்தில் 4 இறாத்தல் தங்கூசியை வெல்லப் பின்னல் நூலால் முடியாது. 4 இறாத்தல் ஃபுளோரோகார்பனை முழு ரீலுக்கும் சுற்றினால் இன்னும் நன்றாக இருக்கலாம். நீரை உறிஞ்சாது, சிறு ஜிக்கோடு நேராக மூழ்கும். ஆனால் அதுவும் தங்கூசிக்கு அருகில் நீளக்கூடியதே, ஆகவே ஆழத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். கொடி நிமிர்ந்து அறிவிக்கும் டிப்அப் பொறிகளில் கையால் நூலை இழுத்து மீனை ஏற்ற வேண்டும் என்பதால், அங்கே மெல்லிய பின்னல் நூல் குளிர்ந்த விரல்களை அறுத்துவிடும். தடித்த டேக்ரான் (பொலியெஸ்டர்) நூலே பாதுகாப்பானது, அதன் நுனியில் பைக் மீனின் பற்களுக்குத் தாங்கும் கம்பி லீடரும் வேண்டும்.